தையலை மறைக்காத கலைஞர் ஆல்பர்ட்டோ புர்ரி

புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழில்வல்லாரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இருவர் தொழிலுக்கும் துன்னம் என்னும் ஒரு சொல்லே பொருந்தி நிற்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் பரவிய பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அவ்வரிசை பழங்காலச் செய்தியாகத் தோன்றுவதில்லை. காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறிச் செல்லும் பெண்கள் மாலை வரை செய்வது அத்துன்னத் தொழிலே. வெட்டியது போக எஞ்சிய தோல் துண்டுகள் கோணிகளில் கட்டப்பட்டு ஒருபுறம் கிடப்பதையும் நாம் காண்கிறோம். காணாமல் கடக்கிறோம் என்று சொல்வதே இன்னும் பொருந்தும்.

பழந்தமிழ்ப் புலவர் கந்தையைக் கண்டனர். பொருநராற்றுப்படையில், வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறி, வேறு வேறு இழைகளால் தைக்கப்பட்ட பொருநனின் உடையைக் களைந்துவிட்டுக் கரிகாலன் நுண்ணிய ஆடை அளிக்கிறான். அவ்வாடையில் இழை சென்ற வழியே கண்ணுக்குப் புலப்படவில்லை. அங்கே கந்தை வறுமையின் சின்னம். அதைக் களைதல் வள்ளன்மை. தையல் தெரிவது தாழ்வு, தெரியாதது உயர்வு. இக்கருத்து ஈராயிரம் ஆண்டுகளாக நம் உள்ளத்தில் ஊறியிருப்பது.

இருபதாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் ஒருவர் இக்கருத்தைத் திருப்பிப் போட்டார். கிழிந்த கோணியை எடுத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒட்டுப் போட்டு, தையல் நன்கு தெரியும்படி விட்டு, அதை ஓவியம் என்று சுவரில் மாட்டினார். அவர் பெயர் ஆல்பர்ட்டோ புர்ரி. அடிப்படைக் கல்வியால் அவர் மருத்துவர். உருவமற்ற ஓவியக் கலையில், எறியப்பட்ட பொருள்களையே வண்ணமாகக் கொண்டவர்களுள் அவர் முன்னோடி. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் ஓர் ஓவியரின் வாழ்க்கை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். புர்ரியை உலகிற்கு முதலில் அறிமுகப்படுத்தியவர்களும் கவிஞர்களே என்பதை அறியும்போது அவ்வியப்பு நீங்கும்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலியின் நடுப்பகுதியில், கடலைத் தொடாத உம்ப்ரியா மாநிலத்தில், டைபர் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் சித்தா தி காஸ்தெல்லோ என்னும் சிற்றூர் உள்ளது. மறுமலர்ச்சிக் காலத்து மாளிகைகளும் கோயில்களும் நிறைந்த ஊர் அது. சுற்றிலும் புகையிலைத் தோட்டங்கள். அவ்வூரில் 1915 மார்ச் 12ஆம் நாள் புர்ரி பிறந்தார். தந்தையார் திராட்சை மது வணிகர். தாயார் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நடுத்தரக் குடும்பங்கள் எங்கும் விரும்புவதையே இவர்தம் பெற்றோரும் விரும்பினர். மகன் பெருசியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1940இல் பட்டம் பெற்றார்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் நாயகனின் குறைகளைத் தவிர்த்துச் செல்வது வழக்கம். அவ்வழக்கத்தை இங்குப் பின்பற்றுதல் முறையன்று. முசோலினியின் பாசிச ஆட்சி இளைஞர்களை முழக்கங்களால் ஈர்த்த காலம் அது. புர்ரியும் அவ்வீர்ப்பிற்கு ஆட்பட்டார். எத்தியோப்பிய நாட்டின்மீது இத்தாலி தொடுத்த போருக்கு மாணவப் பருவத்திலேயே தாமாக முன்வந்து சென்றார். பிற்காலத்தில் அவர் கோணியில் தைத்த காயங்கள் எவருடையவை என்று கேட்கும்போது இச்செய்தியையும் மறவாதிருத்தல் வேண்டும். காயம்பட்ட நாட்டின் மகனாக மட்டுமின்றி, பிறரைக் காயப்படுத்தப் புறப்பட்ட நாட்டின் மகனாகவும் அவர் இருந்தார்.

முள்வேலிக்குள்

இரண்டாம் உலகப் போரில் புர்ரி படைமருத்துவராக வட ஆப்பிரிக்காவிற்கு அனுப்பப்பெற்றார். 1943 மே மாதம் துனீசியாவில் இத்தாலியப் படை சரணடைந்தபோது ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். பின்னர் அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பெற்று, கடல் கடந்து டெக்சாசு மாநிலத்தின் ஹியர்போர்டு என்னும் ஊரிலிருந்த போர்க்கைதிகள் முகாமைச் சேர்ந்தார். அம்முகாமில் ஏறத்தாழ 3,000 இத்தாலியப் படை அதிகாரிகள் இருந்தனர். இத்தாலி அணி மாறிய பிறகு, நேச நாடுகளுடன் ஒத்துழைப்பதாக ஒப்பமிடுமாறு கைதிகளிடம் கேட்கப்பட்டது. புர்ரி ஒப்பமிட மறுத்தார். அதனால் திருந்தாத பாசிசவாதிகளின் பட்டியலில் வைக்கப்பட்டார். அவர் இளவல் விட்டோரியோ ரஷ்யப் போர்முனையில் உயிரிழந்தார். அவ்விழப்பு அவரை ஆழமாகப் பாதித்தது.

கைதிகள் பொழுதுபோக்கிற்காக ஒய்.எம்.சி.ஏ. நிறுவனம் சில பொருள்களை வழங்கியது. அவற்றுள் வண்ணங்களும் தூரிகைகளும் இருந்தன. புர்ரி வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. முறையாக எவரிடமும் பயின்றதில்லை. சித்திரத்துணி அரிதாக இருந்தமையால் சாக்குத் துணியிலும் வரைந்தார். வேலிக்கு அப்பால் தெரிந்த டெக்சாசின் வறண்ட சமவெளியே அவர் முதற்பொருள். அக்காலத்து ஓவியங்களுள் எஞ்சி நிற்கும் ஒன்றிற்கு அம்மாநிலத்தின் பெயரே தலைப்பு. கோணி அப்போது வரைவதற்குரிய தளமாக மட்டுமே இருந்தது. அதுவே ஓவியமாக ஐந்தாறு ஆண்டுகள் சென்றன.

அதே முகாமில் ஜுசெப்பே பெர்த்தோ என்னும் இளைஞரும் கைதியாக இருந்தார். பின்னாளில் இத்தாலியில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியராகிய அவரும் அம்முள்வேலிக்குள்தான் நாவல் எழுதத் தலைப்பட்டார். ஒருவர் கையில் காகிதம், இன்னொருவர் கையில் சாக்குத் துணி. வேலை பறிக்கப்பட்டு, நாள்கள் மட்டும் நிறையத் தரப்பட்ட மனிதர் தமக்குள் என்ன தேடுவர் என்பதற்கு அம்முகாம் ஒரு சான்று.

இரு மருத்துவர்

1946ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புர்ரி தாயகம் திரும்பினார். குண்டுகளால் சிதைந்த நகரங்கள், உணவுப் பங்கீடு, உதவிச் சரக்காக வந்திறங்கிய மூட்டைகள், தோல்வியின் நாணம் ஆகியவையே அவரை வரவேற்றன. மருத்துவர் தேவைப்பட்ட நேரம் அது. புர்ரியோ மருத்துவத் தொழிலைக் கைவிட்டு ஓவியராகப் போவதாக அறிவித்தார். பெற்றோர் மனம் வருந்தினர். அவர் ரோமாபுரி சென்று மார்குத்தா தெருவில் சிறிய பணிக்கூடம் ஒன்றில் தங்கினார்.

அவ்வாண்டு நம் வேலூருக்கும் நினைவிற்குரியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது 1946இல்தான். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை அவர் இங்கு வளர்த்தார். உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கத் தக்க காலணிகளைச் செய்விக்கவும் பாடுபட்டார். மருத்துவர் ஊசியும் செருப்புத் தைப்பவர் ஊசியும் ஒரே நோயாளிக்குத் துணைநின்ற இடம் வேலூர். ஓராண்டு இளையவரான புர்ரி அதே காலத்தில் மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கோணி ஊசியைக் கையில் எடுக்கும் வழியில் சென்றுகொண்டிருந்தார்.

இவ்விருவரையும் ஒருங்கே நினைக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. மனிதத் தோலைத் தைக்கத் தெரிந்தவர் சாக்கைத் தைக்கப் போவது தகுமோ? பிராண்டின் பணிக்கு முன் புர்ரியின் பணி எளிதில் சிறுத்துப் போகும். கலையை விரும்புவோர் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கவிதை எழுதும் எவரும் தம் வீட்டாரிடமிருந்து இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டிருப்பர். புர்ரி இதற்குச் சொல்லால் விடை தந்ததில்லை. அவர் வாழ்நாள் உழைப்பையே விடையாகக் கொள்ள வேண்டியுள்ளது.

கவிஞர் கைப்பிடித்து

1947 ஜூலையில் ரோமாபுரியின் லா மார்கெரித்தா கலைக்கூடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடைபெற்றது. அதை முன்மொழிந்து அறிமுகம் செய்தவர்கள் லெயொனார்தோ சினிஸ்கல்லி, லீபெரோ தெ லீபெரோ என்னும் இரு கவிஞர்கள். சினிஸ்கல்லி பொறியியலும் கணிதமும் கற்றவர். எமீலியோ வில்லா என்னும் மற்றொரு கவிஞர் பிற்காலத்தில் நெருங்கிய தோழராகி, புர்ரியின் கலையைப் பற்றி எழுதியதோடு, 1955இல் வெளிவந்த தம் கவிதை நூல் ஒன்றில் அவர்தம் படைப்புகளையும் சேர்த்துக்கொண்டார்.

முதற் கண்காட்சியில் இயற்கைக் காட்சிகளும் பொருள்களுமே இருந்தன. ஓராண்டிற்குள் உருவங்கள் மறைந்தன. 1948 முதல் தாரும் மணலும் நுரைக்கல் தூளும் அவர் ஓவியங்களில் புகுந்தன. பூஞ்சை பூத்த சுவர் போன்ற பரப்புகளை உருவாக்கினார். 1950இல் சித்திரத்துணியின் பின்புறம் மரக்கிளையை வைத்து முன்னே புடைக்கச் செய்து, அவ்வரிசைக்குக் கூனர் என்னும் பொருள்படப் பெயரிட்டார். தட்டையாக இருக்க வேண்டிய ஓவியம் முதுகு வளைந்து நின்றது.

கோணி ஓவியங்கள்

1949இல் அவர் சர்க்கரைச் சாக்கு ஒன்றின் பகுதிகளை ஓவியத்தில் ஒட்டினார். அமெரிக்கக் கொடியின் கோடுகள் அச்சிடப்பட்டிருந்த சாக்கு அது. போருக்குப் பின் ஐரோப்பா உண்டது எவர் அளித்த உணவு என்பதை அச்சாக்கே சொல்லியது. 1950 முதல் சில ஆண்டுகள் கோணியே அவர்தம் முதன்மைப் பொருளாயிற்று.

அவர் செய்தது இதுதான். கிழிந்த, கறைபடிந்த, அச்செழுத்து மங்கிய பழைய சாக்குகளைத் தேர்ந்தெடுப்பார். அவற்றை வெட்டி, வேறு சாக்குத் துண்டுகளோடு இணைத்துத் தைப்பார். சில இடங்களில் ஓட்டையை அப்படியே விட்டு, அதன் உள்ளே கறுப்போ சிவப்போ தெரியும்படி செய்வார். சில இடங்களில் பழைய சட்டைத் துணியால் ஒட்டுப் போடுவார். சில சிறு இடங்களில் பொன் தகடு பதிப்பார். உம்ப்ரியாவின் பழைய கோயில்களில் புனிதர் படங்களுக்குப் பின்னே பொன் பூசப்பட்டிருப்பதை அவர் சிறுவயது முதல் கண்டவர். அதே பொன் இப்போது கந்தலின் அருகில் ஒளிர்ந்தது.

இவ்வோவியங்களைக் கூர்ந்து நோக்கினால், குப்பையை அள்ளி ஒட்டிய தாறுமாறு எங்கும் காணப்படாது. இடம் விடுதலும் எடை நிறுத்துதலும் ஒரு வெண்பாவின் தளை போலக் கட்டுப்பாடு உடையவை. எந்தக் கிழிசல் எங்கே முடிய வேண்டும், எந்தத் தையல் எவ்வளவு நீள வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு மறுமலர்ச்சி ஓவியர்களின் மரபில் வந்தது. சித்தா தி காஸ்தெல்லோவிற்கு அண்மையில் உள்ள சான்செபோல்க்ரோ, பியேரோ தெல்லா பிரான்செஸ்கா பிறந்த ஊர் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

நம் பகுதியில் தோல் தரம் பிரிப்போர் அறிவர்: முள் கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு ஆகியவை இருந்தால் தோலின் தரம் குறையும். விலங்கு வாழ்ந்ததன் அடையாளம் அனைத்தும் வணிகத்திற்குக் குறை. மாசற்ற தோலே மேல்தரம். புர்ரியின் தேர்வு இதற்கு நேர் எதிரானது. எச்சாக்கு அதிகம் உழைத்ததோ, எதில் மூட்டை தூக்கியவர் தோள்பட்ட தேய்மானம் உள்ளதோ, அதுவே அவருக்கு மேல்தரம். சணலின் பெரும்பகுதி வங்கத்து ஆற்றுப்படுகைகளில் விளைந்து உலகெங்கும் சென்ற காலம் அது. எங்கோ ஓர் உழவர் நீரில் ஊறவைத்து உரித்த நார், தானியமும் சர்க்கரையும் சுமந்து, ஓய்ந்து, கடைசியில் ஓவியமாயிற்று.

கண்டனமும் புகழும்

பாராட்டும் பழிப்பும் ஒருங்கே வந்தன. 1952இல் வெனீசு நகரத்து ஈராண்டுக் கண்காட்சியில் இடம்பெற்ற அவரது கிழிசல் பற்றிய வரைபடத்தை லூச்சியோ ஃபொந்தானா விலைக்கு வாங்கினார். பின்னாளில் சித்திரத்துணியையே கத்தியால் கீறிப் புகழ்பெற்ற கலைஞர் அவர். 1953இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஜேம்சு ஜான்சன் சுவீனி, புர்ரியின் படைப்புகளைக் கண்டு அமெரிக்காவிற்குக் கொண்டுசென்றார். 1955இல் அவரைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். போர்க்கைதியாகச் சென்ற நாட்டிற்குப் பத்தாண்டுகளில் மதிப்பிற்குரிய கலைஞராக அவர் மீண்டும் சென்றார். ராபர்ட் ராஷன்பெர்க் என்னும் இளம் அமெரிக்க ஓவியரும் ரோமாபுரியில் அவர் பணிக்கூடத்தைச் சென்று கண்டார். தெருவில் கிடப்பவற்றை ஓவியத்தில் சேர்த்துப் புகழ்பெற்ற அவர்மீது புர்ரியின் தாக்கம் எவ்வளவு என்பது இன்றும் ஆய்வாளர் வாதிடும் செய்தி.

தாய்நாட்டில் சினம் மூண்டது. ரோமாபுரியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவரது பெரிய கோணி ஓவியம் ஒன்று வைக்கப்பட்டபோது, இக்கந்தலுக்கு அரசு எவ்வளவு பணம் செலவிட்டது என்று 1959இல் நாடாளுமன்றத்திலேயே வினா எழுந்தது. கேட்டவர் உழைக்கும் மக்களின் கட்சியைச் சேர்ந்தவர். கேலி செய்வோர் பலர் இருந்தாலும் அவ்வினாவைக் கேலியாக ஒதுக்குதல் தகாது. கோணியைச் சுமந்தே வாழ்பவர் கண்ணுக்கு, சட்டத்தில் மாட்டிய கோணி எப்படித் தோன்றும்? தம் வறுமையைச் செல்வர் அழகு பார்க்கின்றனர் என்று தோன்றினால் அது பிழையா? ஏழ்மையைப் பாடும் கவிஞர் அனைவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. புர்ரியின் கோணிகள் இரக்கத்தைக் கோரவில்லை என்பது மட்டுமே அவர் சார்பில் சொல்லத் தக்கது. அவை ஏழையின் துயரத்தை நடித்துக் காட்டவில்லை. கோணி கோணியாகவே நிற்கிறது.

சொல்ல மறுத்த நெறி

விமரிசகர்கள் அவர் தையலில் அறுவை மருத்துவர் கையைக் கண்டனர். சிவப்பில் குருதியையும், ஓட்டையில் குண்டுக் காயத்தையும், ஒட்டுத் துணியில் காயக்கட்டையும் கண்டனர். அவர் மறைந்த பின்னும், நூற்றாண்டை ஒட்டி 2015இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் நடத்திய பெருங்கண்காட்சியின் தலைப்பில் காயத்தைக் குறிக்கும் சொல்லே இடம்பெற்றது. புர்ரி உயிரோடிருந்த காலமெல்லாம் இவ்விளக்கங்களை ஏற்கவில்லை. 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சி நூலுக்கு எழுதித் தந்த சிறு குறிப்பில், தம் ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொற்கள் தமக்கு உதவுவதில்லை என்ற கருத்தையே தெரிவித்தார். பேட்டிகளைத் தவிர்த்தார். ஓவியங்களுக்கு இட்ட பெயர்களும் பெரும்பாலும் பொருளையும் நிறத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்வன: சாக்கு, மரம், இரும்பு, சிவப்பு நெகிழி.

வாழ்க்கை வரலாறு எழுத முற்படுவோர்க்கு இது பெரிய இடர்ப்பாடு. சிறைமுகாமையும் இறந்த இளவலையும் மருத்துவப் பட்டத்தையும் சொல்லிவிட்டு, கோணியில் உள்ள தையலுக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது? தொடர்பு உண்டு என்று சொன்னாலோ அவர் மறுத்ததை அவர்மேல் ஏற்றியதாகும். நம் மரபில் இதற்கு ஒரு வழி உண்டு. அகத்திணையில் தலைவன் தலைவி பெயர் சுட்டப்படுவதில்லை. புலவரின் சொந்த வாழ்க்கை அதில் இருந்தாலும் அதை வெளியிடுதல் அகமரபன்று. பெயர் சுட்டாமையால்தான் அத்துயரம் படிப்பவர் அனைவர்க்கும் உரியதாகிறது. புர்ரியின் மறுப்பையும் அவ்வாறே கொள்ளலாம் என்பது என் கருத்து. தம் காயத்திற்குப் பெயர் சூட்டியிருந்தால் அது இத்தாலியப் படைமருத்துவர் ஒருவரின் காயமாகச் சுருங்கியிருக்கும்.

தீயும் மரமும் இரும்பும்

கோணியால் புகழ் வந்த பின் அதிலேயே நின்றிருந்தால் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். புர்ரி நிற்கவில்லை. 1950களின் இடைப்பகுதியில் தீயைக் கருவியாகக் கொண்டார். காகிதத்தையும் துணியையும் மெல்லிய மரத்தகட்டையும் எரித்து, கருகிய ஓரங்களால் கோடு வரைந்தார். பின்னர் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார். 1960களில் ஒளி ஊடுருவும் நெகிழித் தாளைத் தீச்சுடரால் உருக்கித் துளையிட்டார். தொழிற்சாலைக் காலத்தின் புதிய பொருள்களும் அவர் கையில் காயம் பட்ட தோல் போலாயின. 1967இல் இத்தாலிய இளங்கலைஞர் சிலர் எளிய பொருள்களைக் கொண்டு தொடங்கிய எளிமைக்கலை இயக்கத்திற்கு அவரே முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

1955இல் அவர் மின்சா கிரெய்க் என்னும் அமெரிக்க நடனக் கலைஞரை மணந்தார். 1963இல் மிலான் நகரத்து ஸ்காலா அரங்கில் ஒரு நடன நாடகத்திற்கு அரங்கமைப்புச் செய்தார். அதே ஆண்டு முதல் பல குளிர்காலங்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கழித்தார். வேட்டையிலும் கால்பந்தாட்டத்திலும் விருப்பம் மிக்கவர். கலையைப் பற்றிப் பேசுவதைவிட அவற்றைப் பற்றிப் பேசுவது அவருக்கு எளிதாக இருந்தது.

வெடித்த நிலம்

1970களில் அவர் வெடிப்பு ஓவியங்களைத் தொடங்கினார். வெண்களிமண்ணையும் பசையையும் குழைத்துப் பலகையில் தடிப்பாகப் பூசி, காயும்போது தானே வெடிக்கவிட்டு, வேண்டிய நிலையில் வெடிப்பை நிறுத்துவார். கோடையில் நம் ஏரிகள் நீர்வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டவர்க்கு அவ்வோவியங்களை விளக்க வேண்டுவதில்லை.

அவ்வெடிப்பின் மிகப்பெரிய வடிவம் சிசிலித் தீவில் உள்ளது. 1968 ஜனவரியில் பெலீச்சே பள்ளத்தாக்கில் நேர்ந்த நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஜிபெல்லீனா என்னும் மலையூர் முற்றும் அழிந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் கொட்டகைகளில் வாடினர். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் புதிய ஊர் கட்டப்பட்டது. நகரத் தலைவர் லுதோவீக்கோ கொர்ராவோ அப்புதிய ஊருக்குக் கலைஞர்களை அழைத்துப் படைப்புகளை வேண்டினார். பியேத்ரோ கொன்சாக்ரா ஊர்வாயிலில் பெரிய உலோக விண்மீன் ஒன்றை நிறுவினார். அழைப்பின்பேரில் சென்ற புர்ரி, புதிய ஊரில் தமக்கு வேலையில்லை என்று கண்டு, பழைய ஊரின் இடிபாடுகளைப் பார்க்க விரும்பினார். அவர் தேர்ந்த இடம் அதுவே.

1984இல் பணி தொடங்கியது. வீடுகளின் இடிபாடுகளை ஒருங்கு திரட்டி இறுக்கி, அவற்றின்மேல் வெண்சிமிட்டிக் கலவை வார்க்கப்பட்டது. கட்டிகள் ஏறத்தாழ ஆளுயரம். அவற்றிடையே மனிதர் நடந்துசெல்லும் அகலத்தில் வெடிப்புகள். அவ்வெடிப்புகள் பல பழைய தெருக்களின் தடத்தைப் பின்பற்றுவன. பரப்பு ஏறத்தாழ 80,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 20 ஏக்கர். 1989இல் பணம் இன்மையால் பணி நின்றது. அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குப் பின், நூற்றாண்டு நிறைவான 2015இல்தான் அது முழுமை பெற்றது.

தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலைச்சரிவில் வெண்துணி ஒன்றைப் போர்த்தியது போல் காட்சியளிக்கிறது. உள்ளே நடப்போர்க்கு, இருபுறமும் சுவர், மேலே வானம், காலடியில் ஒரு காலத்துத் தெரு. அச்சிமிட்டியின் உள்ளே எவர் வீட்டுக் கதவோ, எவர் குழந்தையின் விளையாட்டுப் பொருளோ உறைந்து கிடக்கலாம். அவற்றை உரியவர் எடுத்துக்கொள்ள வழியில்லை. இழந்தவர் இழப்பின்மேல் கலைஞர் தம் முத்திரையை இட்டாரா, அன்றி இழப்பிற்கு நிலையான உடல் ஒன்றை அமைத்துத் தந்தாரா? ஈமத்தாழியின்மேல் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதுவர். இங்கே பெயர் எதுவும் இல்லை. வாழ்ந்தவர் நடந்த தெருக்கள் மட்டும் எழுத்தாக நிற்கின்றன. இரு பக்கமும் நியாயம் உண்டு என்று எண்ணுகிறேன். முழுமையாக விடை காண இயலாத ஒன்றை அவர் செய்துவைத்துச் சென்றார்.

புகையிலைக் கூடங்கள்

புகழ் உச்சியில் இருந்தபோதும் தம் சிற்றூரை அவர் மறக்கவில்லை. 1978இல் அறக்கட்டளை நிறுவி, 1981இல் அவ்வூரின் மறுமலர்ச்சிக் காலத்து ஆல்பித்சீனி மாளிகையில் தம் படைப்புகளுக்கு நிலையான கூடம் அமைத்தார். அதன் பின் ஊரின் எல்லையில் புகையிலை உலர்த்தக் கட்டப்பட்டுப் பயனற்றுப் போன பெரிய தொழிற்கூடங்களைத் தேர்ந்து, வெளிப்புறம் முழுதும் கறுப்பு வண்ணம் பூசி, 1990இல் தம் பேரோவியத் தொடர்களை அங்கு வைத்தார். கிழிந்த சாக்கை எடுத்த கை, கைவிடப்பட்ட தொழிற்சாலையையும் எடுத்தது.

அக்கூடங்களுக்கு ஒரு முற்கதை உண்டு. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்சு நகரின் தேசிய நூலகத்தை மூழ்கடித்தபோது, சேறும் நீருமாய் ஊறிய நூல்கள் இவ்வுலர்த்தும் கூடங்களுக்குக் கொண்டுவரப்பட்டுக் காயவைக்கப்பட்டன. புகையிலைக்கு மூட்டிய வெப்பம் நூல்களைக் காத்தது. ஏட்டுச் சுவடிகளை வெள்ளத்திற்கும் கறையானுக்கும் பறிகொடுத்த மொழியைச் சார்ந்த நமக்கு இச்செய்தியைக் கேட்கும்போது நெஞ்சு நெகிழாமல் இராது.

முதுமையில் மூச்சு நோயால் துன்புற்ற புர்ரி, 1995 பிப்ரவரி 13ஆம் நாள் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் தம் 79ஆம் வயதில் மறைந்தார்.

நிறைவாக

புர்ரியின் வாழ்க்கை நமக்குச் சொல்வது யாது? எறிந்த பொருளை எடுப்பதே கலையாகாது. எடுத்தவர் பலர். எடுத்ததைப் புதிதுபோல் ஆக்க முயலாமையே அவருடைய தனித்தன்மை. கிழிசல் இருந்தது, அதைத் தைத்தார், தைத்ததை மறைக்கவில்லை. கிழிசலைக் காட்டி அழவும் இல்லை. கரிகாலன் அளித்த ஆடையில் இழை தெரியவில்லை. புர்ரியின் கோணியில் ஒவ்வோர் இழையும் தெரிகிறது. பொருநனின் கந்தையைத் தைத்தவர் யார் என்று நாம் கேட்டதில்லை. வேறு வேறு இழை கொண்டு அதைத் தைத்த ஒரு கை இருந்திருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையாக இருந்திருக்கும்.

நம் வட்டத்துக் கவிஞர்கள் பாலாற்றைப் பாடியுள்ளனர். வற்றிய மணலையும் கழிவுநீரால் கெட்ட கிணற்றையும் பாடியுள்ளனர். தோல் தொழிலால் வாழ்ந்தோரும் அதனால் நிலம் இழந்தோரும் நம்முள் ஒருங்கே அமர்ந்துள்ளனர். இருசாரார்க்கும் இடையே உள்ள கிழிசலை இனிய சொற்களால் மூடுவதும் எளிது. அதைக் காட்டிச் சினந்து பாடுவதும் எளிது. அதைத் தைத்து, தைத்த இடம் தெரியுமாறு விட்டு வைக்கும் கவிதை அரிது. அடுத்த பத்தாண்டில் அத்தகைய கவிதை ஒன்றேனும் நம்மிடையே பிறக்குமாயின், உம்ப்ரியாவின் மருத்துவர் ஒருவரை இம்மலரில் நினைத்தது வீணாகாது.